நூறுக்குக் கீழே: ஓர்ப்படியாளுடன் லாஸ் காபோஸில் நான்கு கோல்ஃப் மைதானங்கள்

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சன்னிவேலில் எல் கமீனோ ரியல் சாலையில் இருக்கும் ஓட்டல் ஒன்றில் மசால் தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. கோல்ஃப் ஸ்கோர் கார்டு. மூலையில் பேனாவால் வட்டம் போட்ட எண்: 96. அடியில், "நூறுக்குக் கீழ வந்துட்டேன் அத்தை!" என்று ஒரு வரி. அனுப்பியவள் சுகன்யா, என் கணவரின் தம்பி மனைவி, டெக்சஸ் மாநிலம் ரிச்சர்ட்சனில் இருக்கிறாள். அடுத்த நிமிடமே எனக்குத் தனியாக இன்னொரு செய்தி: "எல்லாம் நீங்க போட்ட பிச்சைங்க்கா." என் தோசை ஆறிப்போனது.

லாஸ் காபோஸுக்கு கோல்ஃப் ஆடப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இந்தப் பதிவு. பாலைவனமும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம், மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தின் தென்கோடி. மைதானங்களை எந்த வரிசையில் ஆடுவது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் பயணத்துக்குக் காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை.

எனக்கு அவள் மேல் பொறாமை என்று சொல்வதில் வெட்கமில்லை. நாங்கள் பதினோரு வருடம் வரிசையில் நின்று வாங்கிய கிரீன் கார்டு, அவர்களுக்கு இரண்டே வருடத்தில் வந்தது. நாங்கள் டவுன்ஹவுசுக்குக் கட்டும் தவணையைவிடக் குறைவாகக் கட்டி, ஐந்து படுக்கையறையும் தியேட்டர் ரூமும் உள்ள வீட்டில் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அவள் ஈரோட்டுக்காரி. கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் எங்கள் மாமியாரிடம் அவள் போனில் "சொல்லுங்கத்த" என்று இழுத்தால் அவர் உருகிவிடுவார். நான் சென்னை. இருபது வருடமாகியும் என் பேச்சு அவருக்கு டிவி செய்தி மாதிரி இருக்கிறதாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கோல்ஃப் மட்டும் என்னுடையதாக இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மேலதிகாரிகள் மைதானத்தில் நடந்தபடியே எங்கள் டீமின் தலையெழுத்தை எழுதுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, ஆறு வருடத்துக்கு முன் நான் ஆடக் கற்றுக்கொண்டேன். முந்தின வருட கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ரிச்சர்ட்சன் போனபோது, என் பழைய மட்டைகளை சுகன்யாவிடம் கொடுத்து, பிடி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஒரு வருடம் முழுதாக ஆகவில்லை. 96.

ஆடாதவர்களுக்கு ஒரு விளக்கம். பதினெட்டு குழி. எல்லாவற்றிலும் பந்தை விழவைக்க மொத்தம் எத்தனை அடி அடித்தீர்கள் என்பதுதான் ஸ்கோர். குறைவாக அடிப்பவர் ஜெயித்தவர். வார இறுதிகளில் மட்டும் ஆடும் நம்மைப் போன்றவர்களுக்கு நூறுக்குக் கீழே வருவது பெரிய கனவு. ஆறு வருடத்தில் என் சாதனை 103.

அன்று எனக்கிருந்த ஒரே ஆறுதல் அத்தையின் பதில். அவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சுருக்கமாகத்தான் எழுதுவார். "பரவால்ல கண்ணு. போகப் போக வரும்" என்று சுகன்யாவுக்குப் போட்டிருந்தார். நூறை உடைத்த ஈரோட்டு மருமகளுக்கு இவ்வளவுதானா? என் காதில் தேன் பாய்ந்தது. அடுத்த வாரம் நான் 112 அடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் கணவர் என்னைக் கேட்காமலே கார்டைக் குழுவில் போட்டுவிட்டார். அவரை அப்படியே காரிலிருந்து இறக்கிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அத்தையின் பதில் வந்தது: "சபாஷ் பெரியவளே. சின்னவ உங்கிட்ட கேட்டுப் பழகோணும்." சுகன்யா அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மையைப் போட்டாள்.

அதன் பிறகு ஐந்து மாதம் இதே கதைதான். நான் 110, 118 என்று தடுமாறுவேன், அத்தை பாராட்டுவார். அவள் 98, 95 என்று அடிப்பாள், அத்தை தேற்றுவார். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கற்றுக்கொடுத்தவள் நான் என்று அவருக்குத் தெரியும், வாத்தியாருக்கு வாத்தியார் பக்கம்தான் பேசத் தோன்றும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் கட்சி அது. காரணத்தைத் தோண்டிப் பார்க்க மனம் வருமா?

ஆனாலும் 96 உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பார்க்க, அவள் பக்கத்தில் நிற்க, நான் நூறுக்குக் கீழே வரவேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு குறிக்கோளே கிடையாது. அவளுக்கும் எனக்கும் பழக்கமில்லாத மண்ணாக இருக்கவேண்டும் என்றுதான் லாஸ் காபோஸைத் தேர்ந்தெடுத்தேன். "ரெண்டு பேரும் போய்ட்டு வருவோமா?" என்று கேட்டதற்கு, "நீங்க எங்க கூப்பிட்டாலும் வரேங்க்கா" என்றாள். திட்டம் போடுவது மொத்தமும் என் தலையில். அவள் சூட்கேஸ் மட்டும் அடுக்குவாள். எங்கள் குடும்பத்தில் எல்லாப் பயணமும் அப்படித்தான்.

பிப்ரவரியில் பிரசிடெண்ட்ஸ் டே நீள் வார இறுதி. வியாழன் போய் திங்கள் திரும்புவது. அங்கே அப்போது பகலில் இதமான வெயில், மழை பற்றிய கவலை இல்லை, கடலில் திமிங்கிலம் வரும் பருவம். கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் எனக்கு 430 டாலர், கோல்ஃப் பைக்குத் தனியாக நாற்பது. விமானம் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் கிளம்பி, காபோ பக்கத்துச் சான் ஹோசேயில் இறங்குகிறது. "சான் ஹோசேல இருந்து சான் ஹோசே போறதுக்கு எதுக்கு மூணு மணி நேரம்?" என்று என் கணவர் ஒரு வாரம் அதே ஜோக்கை அடித்தார்.

வரிசைதான் முக்கியம். அங்கே விதவிதமான மைதானங்கள் இருக்கின்றன, பெரிய பேராகப் பார்த்து முதல் நாளே கடினமானதில் போய் இறங்கினால் நம்பிக்கை போய்விடும். நான் போட்ட வரிசை இது. வியாழன் சாயங்காலம், பயண அலுப்புக்கு, தூரம் குறைந்த குழிகள் மட்டும் உள்ள சின்ன மைதானம். வெள்ளி, ஊருக்குள்ளேயே இருக்கும் பழைய ஒன்பது குழி மைதானத்தை இரண்டு சுற்று. சனி, மலைப்பக்கப் பாலைவன மைதானம். ஞாயிறு, கடலோர மைதானம். கடைசி ஆட்டம்தான் என் ஆட்டம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

வியாழன் மதியம் ஒன்றே முக்காலுக்கு இறங்கினேன். அங்கே பிப்ரவரியில் கலிபோர்னியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால். டாலஸிலிருந்து சுகன்யா எனக்கு முன்பே வந்து பெட்டிகள் வரும் இடத்தில் காத்திருந்தாள். சுங்கப் பரிசோதனை தாண்டியதும் ஒரு கூடம் வரும். அங்கே டை கட்டியவர்கள் டாக்ஸி, டூர் என்று கூப்பிட்டு, டைம்ஷேர் என்று விடுதிப் பங்கு விற்கும் கூட்டத்துக்கு இழுப்பார்கள். நிற்காமல் நடந்துவிட வேண்டும் என்று நான் அவளுக்கு மூன்று முறை எழுதியிருந்தேன். அவள் நின்றாள், சிரித்தாள், எதற்கும் கையெழுத்துப் போடாமல் இரண்டு குளிர்ந்த ஆரஞ்சு ஜூஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். "இந்தாங்க்கா, ஃப்ரீ." நான் அதைக் குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

முன்கூட்டியே பேசி வைத்திருந்த வேன் ஓட்டுநர் மிகேல் பெயர்ப் பலகையோடு நின்றார். விமான நிலையத்திலிருந்து சான் ஹோசே தெல் காபோவில் எங்கள் விடுதிக்குப் பதினைந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், முப்பத்தைந்து டாலர். வழியெல்லாம் ஆள் உயரத்தைவிடப் பெரிய கள்ளிகள். "அக்கா தங்கச்சியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் கணவர்கள் அண்ணன் தம்பி" என்றேன். அவர் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். "என் மனைவியும் என் தம்பி மனைவியும் ஒரே வேனில் ஏறவே மாட்டார்கள்." சுகன்யா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சின்ன மைதானம் முதல் நாளுக்கு மிகப் பொருத்தம். பன்னிரண்டு குழிகள், ஒன்றரை மணி நேரம், மூன்று மட்டை போதும். ஸ்கோர் எழுதவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவள் ஒரு குழியில் முதல் அடியிலேயே பந்தைக் குழிக்கு இரண்டடி தூரத்தில் நிறுத்தினாள். எழுதவேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஆடிய ஒன்பது குழி மைதானத்தை யாரும் சிபாரிசு செய்வதில்லை, நான் செய்கிறேன். வீடுகளுக்கு நடுவே போகிறது, புல் அங்கங்கே வழுக்கை. இரண்டு சுற்றுக்கும் வண்டியோடு சேர்த்து ஆளுக்கு 95 டாலர்தான். பாலைவனப் புல்லில் பந்து எப்படி உருள்கிறது என்று பழகிக்கொள்ளலாம். முதல் அடியிலேயே என் பந்து ஒரு வீட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் போனது.

"ட்ரையல்ஸ் எடுத்துக்குங்க்கா" என்றாள் சுகன்யா.

தெருக் கிரிக்கெட்டில் முதல் பந்து கணக்கில் சேராதே, அந்த ட்ரையல்ஸ்தான். என் கணவரும் தம்பியும் கோபியில் ஆடிய பழக்கம், எங்கள் குடும்பத்தின் கோல்ஃபிலும் நுழைந்துவிட்டது. ட்ரையல்ஸ் எடுத்துக்கொண்டேன். அன்று நான் 108, அவள் 97. குழுவில் போட்டதும் அத்தை, "ரொம்ப நல்லது பெரியவளே. சின்னவளே, தளராதே" என்று எழுதினார். சுகன்யா கைகூப்பினாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஊர்ச் சதுக்கத்துக்குப் பின் தெருவில் மீன் டாகோ மிக மலிவு. ஊறுகாய் மிளகாய் கேட்டு வாங்குங்கள், நம் நாக்குக்கு அப்போதுதான் ஒட்டும்.

சனிக்கிழமை காலை மலைப்பக்க மைதானம். விடுதியிலிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், கட்டணம் 285 டாலர். அடிக்கும் இடம் உயரத்தில், பந்து போய் விழவேண்டிய பச்சைத்துண்டு பள்ளத்தில், நடுவில் முழுக்கக் கள்ளியும் மணலும். இங்கே கேடி இல்லாமல் ஆட விடுவதில்லை. கேடி என்றால் மட்டையை எடுத்துக் கொடுத்து, தூரம் சொல்லி, பந்து எங்கே போனது என்று பார்க்கிறவர். நான் அப்பாவியாகக் குழுவில், "இன்னிக்கு எங்க கூட ஒரு கேடி வர்றார் அத்தை" என்று எழுதிவிட்டேன். "கேடி கூட எதுக்கு சாமி போறீங்க? போலீஸ்ல சொல்லிட்டுப் போங்க" என்று பதில் வந்தது. அவருக்குப் புரியவைக்கும் வேலையை என் கணவர் சன்னிவேலிலிருந்து பார்த்துக்கொண்டார்.

எங்கள் கேடி ரமோன், நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர். பந்து பாலைவனத்துக்குள் போனால் தேடிப் போகவேண்டாம், பாம்பு இருக்கும், ஒரு அடி அபராதம் போட்டுக்கொண்டு ஓரத்தில் வேறு பந்தை வைத்து அடியுங்கள் என்று முதலிலேயே சொன்னார். பதினைந்து பந்து கொண்டு போனேன். ஒன்பதாவது குழிக்கு முன்பே பதினொன்று போய்விட்டது. ஒரு பந்து கள்ளியின் சதையில் பாதி புதைந்து அங்கேயே நின்றுவிட்டது. சுகன்யா அதைப் படம் எடுத்தாள். அவளுடைய பந்துகளோ பச்சையிலிருந்து பச்சைக்குத் தாவிக்கொண்டிருந்தன. ஒரு முறை பாறையில் பட்டு உள்ளே திரும்பி வந்தது. பாறைகூட அவள் கட்சி.

"எப்படிடீ அடிக்கற?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே தாங்க்கா. தலையத் தூக்கறதில்ல."

நான் தலையைத் தூக்கிக்கொண்டே இருந்தேன், அவள் பந்து எங்கே போகிறது என்று பார்க்க. அன்று நான் 121. அவள் 95. வேனில் மிகேல் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். குழுவில் என் எண்ணைப் போட எனக்குக் கை வரவில்லை, சுகன்யாதான் போட்டாள். ஆனால் அத்தையின் பதிலைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது: "பெரியவளே, இன்னிக்கு ஃபர்ஸ்ட் கிளாஸ். எம் மகராசி." என் வாழ்க்கையின் மோசமான ஆட்டத்தன்று இப்படி ஒருவர் எழுதினால் எப்படி இருக்கும்? தட்டிக்கொடுக்கத் தெரிந்த டீச்சர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு கடலோர மைதானம். லாஸ் காபோஸின் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. காலையில் 370 டாலர், பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் 245. காற்று மதியத்துக்கு மேல் எழும் என்பதுதான் அந்தச் சலுகைக்கு விலை. பன்னிரண்டே காலுக்கு எங்கள் முறை. இங்கும் கேடி கட்டாயம், ரமோனே இந்த மைதானத்திலும் வேலை செய்கிறார் என்று தெரிந்து, அவரிடமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் அடி வலதுபக்க மணல்குழியில் விழுந்தது. "ட்ரையல்ஸ், அக்கா" என்றாள். "இன்னிக்கு வேண்டாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அப்போது அவளுக்குப் புரிந்திருக்கும்.

அன்று ஒரு தீர்மானம் செய்திருந்தேன். அவள் அடிக்கும்போது கடலைப் பார்ப்பது. பந்து எங்கே விழுந்தது, எவ்வளவு தூரம், எதுவும் வேண்டாம். வேலை செய்தது. முதல் ஒன்பது குழியில் 51. பன்னிரண்டாவது குழியில் நான் மட்டையை ஓங்கும்போது சுகன்யாவும் ரமோனும் ஒன்றாகக் கத்தினார்கள். திமிங்கிலம் முழுதாக வெளியே எழும்பி விழுந்ததாம். நான் திரும்பவில்லை. பந்து நேராகப் போனது. இவ்வளவு தூரம் போய் திமிங்கிலத்தைப் பார்க்காமல் வந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பதினேழு முடிந்தபோது ரமோன் கார்டைக் காட்டினார். 94. கடைசிக் குழியை ஐந்து அடியில் முடித்தால் 99. மூன்றாவது அடியில் பந்து குழியைச் சுற்றிய புல்வெளியில் ஏறியது. நான்காவது அடி குழிக்கு ஐந்தடி முன்னாலேயே நின்றுவிட்டது. நண்பர்கள் ஆடும்போது பந்து குழிக்குப் பக்கத்தில் இருந்தால், அடிக்கவேண்டாம், போனதாகவே வைத்துக்கொள் என்று எதிராளி விட்டுக்கொடுப்பது உண்டு.

"எடுத்துக்குங்க்கா" என்றாள் சுகன்யா. "இத போட்ருவீங்க, எனக்குத் தெரியும்."

ஐந்தடி யாரும் விட்டுக்கொடுக்கிற தூரம் இல்லை. நான் அதை எடுத்துக்கொண்டால் அந்த 99 அவள் கையால் வந்ததாகிவிடும். "இல்ல. அடிக்கறேன்."

ரமோன் குனிந்து பார்த்தார். "கடல் பக்கம் இழுக்கும். குழியின் இடது ஓரத்தைப் பாருங்கள்." தலையைத் தூக்கவில்லை. பந்து விழும் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன், பிறகு சுகன்யாவின் அலறலை. ஓடிவந்து என்னைத் தூக்கியே விட்டாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சுணக்கம், ஒரு நொடிக் கசப்பு தெரிகிறதா என்று தேடினேன். இதற்காகத்தானே இவ்வளவு செலவு செய்தேன். ஒன்றும் இல்லை. அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில். அவள் அன்று அடித்தது 91, அதை அவள் கூட்டிப் பார்க்கக்கூட இல்லை, ரமோன்தான் சொன்னார்.

மாலை நாலரை. கிளப் வராந்தாவில் எலுமிச்சை பிழிந்த மீனோடு உட்கார்ந்தோம். சுகன்யா என் கார்டைப் படமெடுத்து, "அக்கா 99!!!" என்று குழுவில் போட்டாள். கோபியில் விடிகாலை ஐந்து மணி, அத்தை எழுந்து காபி போட்டிருப்பார். நான் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். 121-க்கே மகராசி. 99-க்கு என்ன சொல்வாரோ?

வந்தது. "99-ஆ? என்னாச்சு கண்ணு, ஒடம்பு சொகமில்லியா? நேத்து ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்குனவ. பாஸ் தான, மனசு விட்றாத. சின்னவ எத்தன?"

"91 அத்தை" என்று சுகன்யாவின் விரல் போட்டது.

"ம். ரெண்டு பேரும் வெயில்ல சுத்தறது போதும்."

மூன்று முறை படித்தேன். எதிரே சுகன்யா ஒரு எலுமிச்சைத் துண்டை அவசியத்துக்கு மேல் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சுகன்யா. அத்தை இத எவ்ளோக்குன்னு நினைச்சிட்டிருக்காங்க?"

"இருநூறுக்குங்க்கா."

பழைய பிளஸ் டூ. ஒரு பாடத்துக்கு இருநூறு மார்க். எழுபது எடுத்தால் பாஸ், நூற்றி இருபது தாண்டினால் ஃபர்ஸ்ட் கிளாஸ். கணக்கு டீச்சர் ஐந்து மாதமாக எங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க மொதல்ல 112 போட்டப்ப அத்தை எனக்கு கால் பண்ணி, இது எத்தனைக்குக் கண்ணுன்னு கேட்டாங்க்கா. நான் டிரைவ் பண்ணிட்டு இருந்தேன், ஃப்ரீவேல. வெளையாட்டுக்கு, இருநூறுக்கு இருக்கும் அத்தைன்னுட்டேன். சாயங்காலம் பாத்தா உங்கள அப்படிப் பாராட்டி இருக்காங்க. நீங்க எனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டீங்க, ஞாபகம் இருக்கா? அத்தை எனக்கு சபாஷ் சொல்லிட்டாங்கன்னு. உங்க குரல நான் அப்படிக் கேட்டதே இல்லீங்க்கா. அப்பறம் எப்படிச் சொல்றது?"

நான் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போய் நின்றேன். எனக்கு வந்தது கோபம் என்று நினைத்தால் தவறு. அப்பட்டமான பொறாமை, பழையதைவிடப் பெரியது. ஐந்து மாதம் ஒவ்வொரு வாரமும் என்னிடம் கற்றுக்கொள்ளச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, கைகூப்பும் பொம்மை போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறாள். என்னால் ஒரு நாள் முடியுமா அது?

இப்போது என் முன்னால் இரண்டு வழிதான். பேசாமல் இருந்தால் அத்தையின் கட்சி எனக்கே இருக்கும், ஆனால் ஆறு வருடம் காத்திருந்து அடித்த 99 எங்கள் குடும்பத்தில் என்றைக்கும் ஒரு சறுக்கல். சொன்னால் 99 எனக்குக் கிடைக்கும், மற்றதெல்லாம் அவளுக்குப் போய்விடும். திரும்பி வந்து உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"அத்தை, கோல்ஃப்ல குறைச்சலா எடுக்கறவங்கதான் ஜெயிச்சவங்க. எத்தனை அடியில முடிக்கிறோம்னு கணக்கு."

அத்தை பழைய கார்டுகளைப் புரட்டியிருப்பார். பிறகு, "அப்ப 112, 118, 121?"

"ஃபெயில் அத்தை."

"99?"

"பாஸ்."

"சின்னவளோட 91?"

சுகன்யா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாஸ்னே போட்டுருங்க்கா. என்ன இப்ப." மறுபடியும் விட்டுக்கொடுக்கிறாள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அந்த இரண்டு எழுத்தை அடித்து, விரல் அனுப்பும் அம்புக்குறி வரை போய்விட்டது. பிறகு அழித்துவிட்டு, "டிஸ்டிங்ஷன்" என்று அடித்து அனுப்பினேன். ஐந்தடிப் பந்தைப் போட்டதைவிட இது கஷ்டம். அத்தை டைப் செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. பதில் வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிரீன் கார்டோ செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ இருந்தால் நமக்கு மெக்சிகோ விசா தனியாக வேண்டியதில்லை. ஆனால் கிளம்பும் முன் இன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட்டில் குத்திய அமெரிக்க விசா எந்தத் தேதி வரை என்பதையும் பாருங்கள், திரும்பி வரும்போது அதுதான் கேள்வி. எளிதான மைதானத்தில் தொடங்கிக் கடலோரத்தில் முடியுங்கள். பாலைவன மைதானத்துக்குப் பழைய பந்துகளை மட்டும் எடுத்துப் போங்கள், நிறைய. மதிய நேரச் சலுகையை எடுத்தால் காற்றுக்குத் தயாராக இருங்கள், இருட்டும் முன் முடிக்கவேண்டும் என்பதால் வேகமாகவும் ஆடவேண்டும். கேடிக்குச் சில்லறை டாலராக வைத்துக்கொள்ளுங்கள். மட்டைகளைச் சுமந்துபோக அலுப்பாக இருந்தால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஒரு ஆட்டத்துக்கு எழுபத்தைந்து டாலர் கேட்டார்கள். யாரோடு போவது என்பது உங்கள் பாடு. நம்மைவிட நன்றாக ஆடுகிறவரோடு போனால் ஆட்டம் தேறும், தூக்கம் கெடும்.

திங்கள் மதியம் சான் ஹோசேயில், எங்கள் சான் ஹோசேயில், இறங்கி போனை உயிர்ப்பித்தேன். பேகேஜ் பெல்ட் இன்னும் சுற்ற ஆரம்பிக்கவில்லை. குழுவில் அத்தையின் செய்தி காத்திருந்தது. ஓய்வு பெற்றாலும் கணக்கு டீச்சர், ஐந்து மாத எண்களையும் உட்கார்ந்து திருப்பிப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"பெரியவளே, இனி நீ சின்னவகிட்ட கேட்டுப் பழகு."

அடியில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. என் கணவர்கூட. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். பொம்மைகளின் வரிசையைத் திறந்து அந்தக் கைகூப்பும் பொம்மையைத் தேடினேன். நான் அதை எப்போதும் உபயோகித்ததில்லை போலிருக்கிறது, எங்கோ அடியில் இருந்தது. கண்டுபிடித்த பிறகும் அழுத்த முடியவில்லை. பெல்ட் சுற்றத் தொடங்கி, கூட இறங்கியவர்கள் எல்லாம் பெட்டியோடு போய், கடைசியாக என் கோல்ஃப் பை மட்டும் தனியாக இரண்டு சுற்று வந்த பிறகுதான் அனுப்பினேன்.